வாவிக்கரையின் மரச்சட்ட வண்டி

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும், கோட்டையும் கோயிலும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. மட்டக்களப்பைப் பற்றிப் பேச முற்படுவோரும் பெரும்பாலும் போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையையும், 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதையும் கூறியே தொடங்குவர். அது தக்கதே. ஆயினும், அக்கோட்டையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் எவ்வழியாற் போயினர், எதனைச் சுமந்தனர், நோயுற்றபோது எங்ஙனம் மருத்துவமனையை அடைந்தனர் என்பவற்றைக் கோட்டைச் சுவர் சொல்வதில்லை. அவற்றை அறிய வேண்டின் வீட்டு முற்றத்தையும், நெற்களஞ்சியத்தையும், தோணித் துறையையும் நாடிச் செல்ல வேண்டும். இன்று நான் நேயர்களை அழைத்துச் செல்லவிருப்பது அத்தகைய ஒரு வீட்டு முற்றத்துக்கே.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வயது எண்பதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கின்றார். சிறுவயதில் அவரிடம் எழுத்தறிந்தவர்களுள் நானும் ஒருவன். சில மாதங்களுக்கு முன் அவர் என்னை அழைத்து, "தம்பி, அப்பாவுடைய வண்டியை விற்கத் தீர்மானித்துவிட்டேன். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். எனக்குப் பிறகு இதைத் துடைத்து வைக்க ஆளில்லை. பத்திரிகையிற் போட நாலு வரி எழுதித் தாரும்" என்றார். "எழுதித் தருகிறேன், ரீச்சர்" என்று கூறிக் காகிதத்தை எடுத்தேன். "நன்கு பேணப்பட்ட பழைய குடும்ப ஸ்ரேசன் வாகன் விற்பனைக்கு" என்ற முதல் வரியை எழுதிய பின்னர் என் பேனா நின்றுவிட்டது. நன்கு பேணப்பட்ட வண்டி என்கின்றோமே, அதனைப் பேணியவர் யாவர்? எதனிடமிருந்து பேணினர்? எவ்வாறு பேணினர்? இவ்வினாக்களுக்கு விடை காணாது அச்சொல்லை எழுதுதல் முறையன்று என எனக்குத் தோன்றியது. அவ்விடைகளைத் தேடியதன் பயனே இவ்வுரை.

முதலில் அவ்வண்டியின் இனத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஸ்ரேசன் வாகன் என்னும் பெயரிலேயே அதன் பிறப்பு வரலாறு அடங்கியிருக்கின்றது. அமெரிக்க நாட்டிற் புகையிரதப் பாதைகள் பரவிய காலத்தில், நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் விடுதிகளுக்கு ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிகள் காத்து நின்றன. 1908ஆம் ஆண்டில் ஹென்றி போட் தமது மொடல் ரி காரை வெளியிட்ட பின்னர், அதன் அடிச்சட்டத்தின் மீது தச்சர்கள் மரத்தால் நீண்ட கூடு கட்டி அவ்வேலைக்குப் பயன்படுத்தலாயினர். நிலையத்துக்குரிய வண்டியாதலின் அது ஸ்ரேசன் வாகன் ஆயிற்று. 1929ஆம் ஆண்டில் போட் நிறுவனம் மொடல் ஏ வரிசையில் இவ்வகை வண்டியைத் தானே பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு வேண்டிய மரமும் மிச்சிகன் மாநிலத்தில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான காடுகளிலிருந்தே வந்தது. ஆகவே, மோட்டார் யுகத்தின் இவ்வண்டி தச்சனின் உளியிலே பிறந்தது என்பது மிகையன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் மரக்கூடு மறையத் தொடங்கியது. 1946ஆம் ஆண்டில் வில்லிஸ் நிறுவனம் முழுவதும் உருக்குத் தகட்டாலான ஸ்ரேசன் வாகனை விற்பனைக்குக் கொணர்ந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியையே பின்பற்றின. ஆயினும் இங்கிலாந்தில் ஒரு சிறு வண்டி மட்டும் தன் மரச்சட்டத்தைக் கைவிடாது 1971ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் நிலைத்து நின்றது. அதுவே மொறிஸ் மைனர் ட்ரவலர். நம் ஆசிரியையின் முற்றத்தில் நிற்பதும் அதுவே.

மொறிஸ் மைனர் காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1906ஆம் ஆண்டிற் சிமிர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்தை அடைந்து, பின்னாளில், 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி காரையும் வகுத்துப் புகழ்பெற்றவர் அவர். மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியதும் அதுவே. அதன் ஸ்ரேசன் வாகன் வடிவமான ட்ரவலர் 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்பாதி உருக்கு, பின்பாதி அஷ் என்னும் ஐரோப்பிய மரத்தாலான சட்டம், அச்சட்டத்தின் இடைவெளிகளிலும் கூரையிலும் அலுமினியத் தகடு. பின்புறத்தே அலுமாரிக் கதவுகளைப் போன்று இருபுறமும் திறக்கும் இரு கதவுகள். பின்னாசனத்தை மடித்து விட்டால், சிறு கார் ஒன்று சிறு லொறியாக மாறிவிடும். அம்மரம் அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. வண்டியின் பின்பகுதியைத் தாங்குவதே அதுதான். மரம் உளுத்தால் வண்டியும் உளுத்ததாகவே கொள்ள வேண்டும். இக்குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, இவ்வண்டி வந்து சேர்ந்த நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு நிலத்தை நீரே இரண்டாகப் பகுத்திருக்கின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை. மேற்கே நெல்வயல்கள் நிறைந்த பெருநிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் கொண்டு மக்கள் தந்த இப்பெயர்கள் எத்துணைப் பொருத்தமானவை! எழுவான்கரையில் வீடும் கடையும் பள்ளிக்கூடமும். படுவான்கரையில் வயல் வட்டையும் வாடியும் மாட்டுப் பட்டியும். இரண்டிலும் கால் வைத்தவரே போடியார் எனப்பட்ட நிலக்கிழார். ஆகவே, வாவியைக் கடத்தல் இந்நிலத்தில் நாளாந்தத் தேவையாயிற்று.

தோணிகளே அதற்கு முதற்றுணை. மண்டூர் முருகன் திருவிழாவுக்கும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத் தேருக்கும் எழுவான்கரை மக்கள் வாவியைக் கடந்தே சென்றனர். வண்டி வாகனங்களைக் கடத்துதற்கு மிதவை ஒன்று வேண்டியிருந்தது. அதனை எம்மவர் "பாதை" என்றழைத்தனர். நிலத்திலே பாதை என்பது நிலைத்து நிற்க, மனிதன் அதன்மேல் நடப்பான். எங்கள் நாட்டிலோ பாதையே நகரும், மனிதன் அதன்மேல் நிற்பான். மண்முனைத்துறையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் இடையேயும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையேயும் இத்தகைய பாதைகள் நெடுங்காலம் ஓடின. மண்முனைத்துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான்.

எனினும், மோட்டார் வாகனத்துக்கு வழிதிறந்த இரு நிகழ்ச்சிகள் 1920களிலேயே நடந்துவிட்டன. 1924ஆம் ஆண்டிற் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதி வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. ஒருவழி வாகனங்கள் செல்ல மறுவழி வாகனங்கள் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலமாயினும், நகரையும் தென்கரையையும் அது இணைத்தது. அதனருகே புதிய அகன்ற பாலம் 2013ஆம் ஆண்டில் எழும் வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அதுவே சுமை தாங்கியது. இரண்டாவது நிகழ்ச்சி, 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தமை. மாகோவிற் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் மீண்டும் பிரிந்து, பொலன்னறுவையையும் வாழைச்சேனையையும் கடந்து அப்பாதை நகரை அடைந்தது. ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் புகையிரதமும் மோட்டார் வாகனமும் ஒரே பாலத்தை முறைவைத்துப் பகிர்ந்து கொண்டன. புகையிரத நிலையம் ஒன்று வந்தபின், நிலைய வண்டிக்கும் தேவை பிறந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் ஆசிரியையின் தந்தையார் படுவான்கரையில் வயலுடைய ஒரு போடியார். அவர் இந்த ட்ரவலரை வாங்கிய கதையை அறிய நான் முதலில் நாடியது வண்டியின் இலக்கத் தகட்டையே. இலங்கையின் பழைய வாகன இலக்கங்கள் சிலோன் என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துக்களை இரண்டிரண்டாக எடுத்து அமைக்கப்பட்டவை. சி.ஈ., ஈ.எல்., ஈ.வை. எனத் தொடங்கும் இலக்கங்களை முதியோர் நினைவு கூர்வர். 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்முறை மாறிச் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளிற் போராட்டம் எழுந்தது. 1958ஆம் ஆண்டிற் சிங்கள எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தைப் பொறித்தவர்களும், அதற்கு எதிராகத் தென்பகுதியிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசியவர்களும் இருந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாடு கண்ட கொடுமைகளை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் வண்டியின் தகட்டில் ஸ்ரீ இல்லை, ஈ.எல். என்னும் எழுத்துக்களே உள்ளன. எனவே, நாட்டினர் ஓர் எழுத்தின் பொருட்டுப் பிளவுபடுவதற்கு முன்னரே அது பதிவு செய்யப்பட்டது என்பது தெளிவு. இலக்கத் தகடும் ஒரு கல்வெட்டே என்று அன்று உணர்ந்தேன்.

வண்டியின் உறுப்புக்களும் அதே சாட்சியைக் கூறுகின்றன. முன்கண்ணாடி நடுவே பிரிந்து இரு துண்டாக நிற்கின்றது. 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த மைனர்களிலே அது வளைந்த ஒரே கண்ணாடியாக மாறிவிட்டது. இயந்திரம் 803 கன சென்ரிமீற்றர் அளவினது. வலு 30 குதிரை மட்டுமே. திரும்பும் திசையைக் காட்டப் பளிச்சிடும் விளக்கில்லை. கதவுத் தூணிலிருந்து சிறகு போன்று வெளியே நீளும் கைகாட்டி உண்டு. பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது 1955 என்னும் ஆண்டு கிடைத்தது. தகடும், கண்ணாடியும், இயந்திரமும், புத்தகமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. வரலாற்று மாணவனுக்கு இதனினும் இனிய காட்சி வேறில்லை.

"அந்த வண்டி எங்களுடையது என்று நாங்கள் நினைத்தோம், ஊரார் தங்களுடையது என்று நினைத்தார்கள்" என்றார் ஆசிரியை. விதைப்புக் காலத்தில் விதைநெல்லும், சூடடித்த காலத்தில் புதுநெல்லும் மடித்த பின்னாசனத்தின்மேற் பிரயாணம் செய்தன. மண்முனைத்துறையில் வண்டியைப் பாதையில் ஏற்றி, சில்லுகளுக்கு மரக்கட்டை அணைத்து, தந்தையார் கதவருகே நின்றே வாவியைக் கடப்பாராம். இரவு அஞ்சற் புகையிரதத்தில் வரும் உறவினரை அழைத்துவர விடியற்காலையில் நிலையத்தில் நிற்பதும் அவ்வண்டியே. மணமகளை ஏற்றியதும் அது. மகப்பேற்று வேதனையில் துடித்த பெண்ணை நள்ளிரவிற் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் அது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரற்ற உடலை வீட்டுக்கு மீட்டு வந்ததும் அது. 1958ஆம் ஆண்டு சனவரியில் தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும், கடைசி பஸ் போய்விட்ட வேளையில் மக்கள் தட்டியது இந்த வீட்டுக் கதவையே. இவ்வாறு, புகையிரத நிலையத்துக்கெனப் பிறந்த ஒரு வண்டியினம், வாவிக்கரையை அடைந்து ஊர் வண்டியாக உருப்பெற்றது.

அப்படியாயின் எழுபது ஆண்டுகள் அது எவ்வாறு பிழைத்திருந்தது? பிறநாடுகளில் ஒரு காரின் வாழ்நாள் பதினைந்து இருபது ஆண்டுகளே. நம் நாட்டில் அவை நீடித்து வாழ்ந்ததற்குக் காரணம் நமது பற்று மட்டுமன்று; வேறு வழியின்மையும் ஆகும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதால் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. 1977ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருப்பதைக் காத்துக் கொள்வதன்றி வேறு வழி இருக்கவில்லை. உதிரிப்பாகம் கிடையாத அக்காலத்திலே கராஜ் மெக்கானிக்குகளும் கடைச்சற் பட்டறைக்காரரும் பாகத்தைத் தாமே ஆக்கினர். தேய்ந்ததை நிரப்பினர், உடைந்ததை ஒட்டினர், ஒன்றினது உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தினர். வரலாறு தன்னை மீண்டும் நடத்திக் காட்டுவது போல, 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் அனுமதி கிடைத்தது. அவ்விடைக்காலத்திற் பழைய கார்கள் மீண்டும் மதிப்புப் பெற்றதை நாம் கண்டோம்.

ட்ரவலரைப் பொறுத்தவரை மெக்கானிக் மட்டும் போதாது, தச்சரும் வேண்டும். பக்கக் கண்ணாடிகள் முன்னும் பின்னுமாக வழுக்கி ஓடும் தவாளிப்புக்களில் மழைநீர் தேங்கும். நீர் வடியும் துளைகளை அழுக்கு அடைத்துக் கொண்டால், அங்கே பாசி படர்ந்து, கீழ்ச்சட்டம் மெல்ல மெல்ல உளுக்கும். வாவிக்காற்றின் உப்பீரம் இதற்குத் துணை செய்யும். அடித்தள உருக்கையும் அரிக்கும். 1960களின் பிற்பகுதியில் இடப்புறக் கீழ்ச்சட்டம் உளுத்தபோது, அஷ் மரத்துக்கு எங்கே போவது? தோணி கட்டுவதிற் கைதேர்ந்த ஊர்த் தச்சர் ஒருவர் தேக்கு மரத்தில் அச்சட்டத்தை அளவெடுத்துச் செய்தார். மூட்டுக்களைத் தோணிப் பலகைக்குப் பொருத்துவது போன்றே இறுக்கினார். வெளிறிய ஐரோப்பிய மரங்களுக்கு நடுவே அக்கருந்தேக்கு இன்றும் தனித்துத் தெரிகின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட மாரிகளை அது கண்டுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன்னர் துளைகளை ஈர்க்கினாற் குத்தித் துப்புரவாக்குவதும், மரத்துக்கு வார்னிஷ் பூசுவதும் வீட்டாரின் கடமையாயின. ஆசிரியை இவ்வேலையைத் தந்தையாரிடம் பயின்று, தம் எழுபத்தைந்தாம் வயது வரை தம் கையாலேயே செய்து வந்தார்.

மழையினும் பெரிய பகைகளும் வந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அக்கால மக்கள் மறந்திலர். தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. தந்தையார் வண்டியைக் கற்சுவருடைய நெற்களஞ்சியத்துள் தள்ளி நிறுத்தியமையால் அது தப்பியது. மறுநாள் வீதியிற் கிடந்த மரங்களை வெட்டி அகற்ற அகற்ற, அவ்வண்டி அடி அடியாகக் காயமுற்றோரைச் சுமந்து நகர்ந்தது. பின்னர் போர் வந்தது. 1990ஆம் ஆண்டில் குடும்பம் ஊரை விட்டுப் பெயர நேர்ந்தபோது, சில்லுகளைக் கழற்றி, வண்டியைக் கல்லடுக்கின்மீது ஏற்றி, இயந்திரத்துட் சிறிது எண்ணெய் வார்த்து, அதன்மேல் வைக்கோலைக் குவித்து விட்டுச் சென்றனர். திரும்பி வந்தபோது கூரையில் ஓட்டைகள் இருந்தன. வைக்கோலின் கீழே வண்டி இருந்தது. அக்காலத்தில் நகருக்குப் புகையிரதமும் பல ஆண்டுகள் வரவில்லை. நிலைய வண்டி இருந்தது. அதற்கு நிலையம் மட்டும் இல்லாதிருந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையில் ஆழிப்பேரலை எழுவான்கரையை மோதியது. நாவலடியும் கல்லடியும் பட்ட துயரை உலகம் அறியும். ஆசிரியையின் வீடு வாவிப்பக்கமாக இருந்தமையால் அலை அதன் வேலியோடு நின்றது. அன்று எண்பது வருடக் கல்லடி இரும்புப் பாலம் நின்றது. ஐம்பது வருட வண்டி ஓடியது. பின்னிரு கதவுகளையும் திறந்தபடியே கட்டி வைத்து, அன்று மாலை வரை அது ஆஸ்பத்திரிக்கும் கரைக்குமாக ஓடிற்று என்கின்றனர் அயலவர். எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "எண்ணவில்லை, தம்பி. எண்ணியிருந்தால் ஓட்டியிருக்க முடியாது" என்றார்.

இவ்விடத்திலே விற்பனைக்கு வருவோம். விளம்பரம் வெளிவருமுன்னரே செய்தி பரவி, தலைநகரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பழைய கார்களிற் பேரன்புடையவர், மதிப்பாகப் பேசினார், நல்ல விலையும் கூறினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, அந்தத் தேக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "இதை முதலிற் கழற்றியெறிய வேண்டும். இங்கிலாந்திலிருந்து அசல் மரம் தருவித்துப் போட்டால் புத்தம் புதிதாகி விடும்" என்றார். அதுவரை வாய் திறவாதிருந்த ஆசிரியை, "அப்போது நீங்கள் வாங்குவது எங்கள் வண்டியை அல்ல" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதில் உணர்ச்சி மட்டுமன்று, ஆழ்ந்த ஒரு வரலாற்று வினாவும் உண்டு. பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைப் பிறந்த நாளின் தோற்றத்துக்கு மீட்டலா? அன்றி, அது வாழ்ந்த வாழ்க்கையின் வடுக்களோடு காத்தலா? வாங்க வந்தவரின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. உளுத்ததை மாற்றாது விட்டால் வண்டியே நிலைக்காது. ஓடாத வண்டி வெறும் காட்சிப் பொருளாகும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைச் சீர்செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், இக்கார் தலைமுறை தலைமுறையாக ஓடத்தக்கது என்னும் கொள்கையுடையவராயிருந்தார். அவருடைய முயற்சியில், 1990களில் நம் இலங்கையின் தென்பகுதியிலேயே மைனருக்குரிய தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டுக் கப்பலேறின. அதனைப் பெற்ற நாட்டுக்கே நம் நாட்டுக் கைகள் உறுப்புச் செய்து கொடுத்தமை நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்கது. ஆனால், அதே காரணத்தாலேயே ஒன்றைக் கேட்கின்றேன். தென்னிலங்கைத் தொழிலாளி அடித்த தகடு இங்கிலாந்துக் காருக்குத் தகுமாயின், மட்டக்களப்புத் தச்சர் செதுக்கிய தேக்கு மட்டக்களப்பு வண்டிக்குத் தகாதா?

அஷ் மரச்சட்டம் ஆயிரக்கணக்கான ட்ரவலர்களில் உண்டு. தோணித் தச்சரின் தேக்குச் சட்டம் இவ்வண்டியில் மட்டுமே உண்டு. இறக்குமதித் தடையையும், வாவியின் ஈரத்தையும், ஒரு தொழிலாளியின் கூர்மதியையும் ஒருங்கே காட்டும் சான்று அது. அதனைக் கழற்றியெறிந்தால், எஞ்சுவது இங்கிலாந்துத் தொழிற்சாலையின் வரலாறு. போவது எங்கள் வாவிக்கரையின் வரலாறு. யாழ்ப்பாணத்து வீதிகளில், பெற்றோல் கிடையாத போர்க்காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கப்பட்ட மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் இருந்தன. அவற்றின் இயந்திரங்களில் மெக்கானிக்குகள் செய்த மாற்றங்களை எவரேனும் எழுதி வைத்தனரா? வண்டிகள் கைமாறிப் புதுமெருகு பெறும்போது அவ்வறிவும் துடைத்தெறியப்படுகின்றது. மக்கள் துன்பத்தைத் தாங்கிய திறமைக்கு அவை நேர்ச்சாட்சிகள் அல்லவா?

விற்றல் குற்றமென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் தொலைவிலும், பெற்றோர் முதுமையிலும் இருக்கும் இக்காலத்தில், பேண இயலாத பொருளைப் பேணக்கூடியவர் கையில் ஒப்படைத்தலே அறிவுடைமை. ஆனால், பொருள் கைமாறும்போது அதன் கதையும் கைமாற வேண்டும். ஆகவே, நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிற் பழைய கார், தையற் பொறி, வானொலிப் பெட்டி, வள்ளம், எதுவாயினும் விற்பனைக்குச் செல்லுமாயின், அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். அது எந்த ஆண்டில் வந்தது, எவர் செய்தார், எவர் திருத்தினார், எதற்குப் பயன்பட்டது என வீட்டு முதியோரைக் கேட்டு எழுதுங்கள். பதிவுப் புத்தகத்தையும் பழைய பற்றுச்சீட்டுக்களையும் படியெடுத்து வையுங்கள். ஒரு பிரதியை வாங்குபவருக்கும், மற்றொன்றை ஊர்ப் பாடசாலைக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். அதற்குச் செலவு காகிதமும் மையுமே. அது செய்யப்படாவிடின், எங்கள் பேரப்பிள்ளைகள் இந்நிலத்தின் சமுதாய வரலாற்றை எழுத முற்படும்போது கோட்டைச் சுவரையன்றி வேறு சான்று காணார்.

முடிவில் அவ்விளம்பரத்தை எழுதிக் கொடுத்தேன். நாலு வரி கேட்டவருக்கு எட்டு வரி ஆகிவிட்டது. "1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர். ஒரே குடும்பத்தின் வண்டி. இடப்புறக் கீழ்ச்சட்டம் மட்டக்களப்புத் தச்சரால் தேக்கிற் செய்யப்பட்டது; அதனை மாற்றாது காப்பவருக்கு விலையிற் சலுகை உண்டு. வண்டியின் வரலாறு எழுத்தில் உடன் வழங்கப்படும்" என்பது அதன் சாரம். ஆசிரியை கண்ணாடியை அணிந்து இருமுறை வாசித்தார். வாசித்துவிட்டு, முன்னாளில் எங்கள் கொப்பிகளில் இடுவது போன்றே ஓரத்தில் ஒரு சரி அடையாளம் இட்டார்.

நன்கு பேணப்பட்ட என்னும் சொல்லை அவ்விளம்பரத்தில் நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாகப் பேணியவர்களின் கைகளைக் குறிப்பிட்டேன். இதுவரை இரண்டு பேர் கேட்டு வந்துள்ளனர். வண்டி இன்னும் முற்றத்தில் நிற்கின்றது. மாரி நெருங்குகின்றது, சென்ற கிழமை நானும் என் மாணவர் இருவரும் சென்று, தவாளிப்புத் துளைகளை ஈர்க்கினாற் குத்தித் துப்புரவாக்கி வந்தோம்.